பேச்சு நின்றுபோகும் வீடு

1

செய்தியை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பழக்கப்பட்டவள் நான். சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள எங்கள் வீட்டில், என் மகள் நிஷா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய், தன் பத்து மாதக் குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. நான் குழந்தையைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன்.

"சோறு ஆறுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு கண்ணு."

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பேச்சு வராத குழந்தையிடம் அப்படித்தானே கொஞ்சுவார்கள். ஆனால் அதை யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்பதைப் பார்க்க வேண்டும்.

நிஷா வீடு மாறுகிறாள். புது வீட்டில் சுவர் வேலை முடியும்வரை மூன்று வாரம் எங்களுடன் இருக்க வந்திருக்கிறாள். வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அவள் மறைக்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது குழந்தை மிராவை என்னிடம் விடலாமா, காப்பகத்தில் விடலாமா என்று பார்க்க வந்திருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாளும் குழந்தை என்னிடம்தான் இருக்கும் என்று நான் மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவள் யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு மனக்கோளாறு. இங்கே அதை பார்டர்லைன் என்கிறார்கள். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. எந்த எல்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். அது பழைய காலத்தில் வைத்த பெயர், இப்போது அதற்குப் பெரிய பொருள் இல்லை என்றார். யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் உடம்பு முழுக்க ஓடும். இன்று தெய்வமாகத் தெரிகிறவர் நாளைக்குப் பகையாகத் தெரிவார். கோபம் ஒரு நொடியில் வரும், இறங்க ஒரு நாள் ஆகும். தணிந்த பிறகு உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இப்போது அந்தப் பெயர் எனக்குப் பொருந்தாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்ததை அவள் நம்ப வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது?

2

மொரப்பூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். மானாவாரி நிலம், கொள்ளு, துவரை, இருபது வீடுகளுக்கு ஒரு மாதா கோயில். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அம்மா காடு கழனி பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை, கத்தியதுமில்லை. அக்கம்பக்கத்தில் அதற்காகவே எங்களுக்கு மரியாதை இருந்தது. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தினாலும் குடித்தனம் நடக்க வேண்டுமே. அதற்கு ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நான்.

அம்மா அடுப்பின் முன்னால் இருப்பாள். கைக்கெட்டும் தூரத்தில் அப்பா தட்டின் முன்னால் இருப்பார். நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன்.

"செலினு, கொழம்பு ஊத்தட்டுமான்னு உங்கப்பாவக் கேளு."

"அப்பா, கொழம்பு ஊத்தட்டுமான்னு கேக்கறாங்க."

"போதும்னு சொல்லு."

"போதும்ங்கறாரு."

"நேத்து ரெண்டு கரண்டி கேட்டு வாங்கனாரே, இன்னிக்கு என்னா நாக்கு செத்துப்போச்சான்னு கேளு."

இதை நான் அப்படியே கொண்டுபோக மாட்டேன். "ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க" என்பேன். அப்பா சிரிப்பை மறைக்கச் சொம்பைத் தூக்கிக் குடிப்பார். அசல் வாக்கியம் அவர் காதில் விழுந்துதானே இருக்கும். பத்திரிகையில் உதவி ஆசிரியர் செய்கிற வேலையை நான் முதலில் செய்தது அங்கேதான். காரத்தைக் குறைப்பது, நீளத்தை வெட்டுவது, அவதூறு வராமல் பார்த்துக்கொள்வது.

நான் இல்லாவிட்டால் தம்பி லூர்து. அவனும் இல்லாவிட்டால் ஆடு. "ஏ ஆடே, வெளிய போறவங்க எப்ப வருவாங்கன்னு சொல்லிட்டுப் போனா ஒலை வெக்கறதுக்குத் தோதா இருக்குமில்ல" என்பாள் அம்மா. ஆடு அப்பாவைப் பார்க்கும்.

முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். அதனால் அது மாதக்கணக்கில் போகும். பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகை நெருங்கும்போது பங்குச் சாமியார் வந்து காப்பி குடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் நன்மை வாங்கறதா இல்லையா இந்த வருசம்?" என்று கேட்பார். நற்கருணையை எங்கள் பக்கம் நன்மை என்போம். மனத்தாங்கலோடு அதை வாங்கக் கூடாது. அன்று பேச்சு திரும்பும். பூசைக்குப் போகும்போது இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். எதற்காக நிறுத்தினார்கள் என்பது கடைசிவரை பேசப்படாது.

3

அப்பாவுக்கு மாலை நேரத்தில் இன்னொரு வேலை இருந்தது. ஒரு தினசரிக்கு அவர் பகுதிநேர நிருபர். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, சந்தை என்று சுற்றி வந்து சொல்வார், கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் எழுதுவேன். எழுதிய தாளைக் கவரில் போட்டு மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் போகிற பாசஞ்சரில் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுவார். எங்கே, எப்போது, யார், என்ன. அடைமொழி வேண்டாம் என்பார். ஒரு செய்திக்கு மட்டும் அச்சு வார்த்த வாக்கியம் உண்டு. இளம் பெண் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால், "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்" என்று எழுத வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் அதே வலி. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த வூட்டுக்கு மிச்சம் இருக்கற மானம் அது ஒண்ணு தான், எழுது" என்றார்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பள்ளிப் படிப்பு முடித்து தர்மபுரியில் தட்டெழுத்துப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பக்கத்து மெஷினில் ஷம்ஷாத் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா ஊருக்குள் மெத்தை தைப்பவர். அவள் தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். அவளைப் பார்த்த மூன்றாம் நாளே இனி எனக்கு வேறு யாரும் தேவையில்லை என்று முடிவு செய்தேன். அவளைப் போலவே ரிப்பன் கட்டினேன். அவளுக்குப் பிடிக்காத சினிமா எனக்கும் பிடிக்கவில்லை. அவள் இரண்டு நாள் லீவு போட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவள் எனக்காக நிற்காமல் இன்னொரு பெண்ணோடு படியிறங்கிப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். வரவில்லை. காரிமங்கலம் பஸ், கிருஷ்ணகிரி பஸ், அரூர் பஸ் எல்லாம் வந்து வந்து போயின. என் பஸ்ஸையும் விட்டேன். கடைசியில் நேராக அவள் வீட்டுத் தெருவுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பதில் பாதி எனக்கு நினைவில்லை. தெரு நினைவிருக்கிறது. அவள் அப்பா நீளமான ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாராச்சும் எதுனா சொன்னாங்களா? உள்ள வந்து உக்காரும்மா."

ஷம்ஷாத் என்னை இழுத்துக்கொண்டு போய் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அடியே, அவகூட தைலம் வாங்கத்தான்டி போனன். எங்கம்மாவுக்குத் தலவலி. அதுக்கு எதுக்குடி தெருவக் கூட்டற?"

"நீ என்ன வுட்டுட்டுப் போயிட்ட."

"கடைக்குப் போனன்டி."

"இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத."

"போன வாரந்தான் நீ என் உசுருன்ன. இன்னிக்கு மூஞ்சில முழிக்காதங்கற. இதுல எது நெசம்?"

"ரெண்டும் தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன். பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் ஒரு மணி நேரம் எடுத்து எனக்கு விளக்கியதும் அந்த இரண்டு சொல்லைத்தான்.

4

செய்தி எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. துலுக்கர் தெருவில் போய் மானத்தை வாங்கிவிட்டாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா பேச்சை நிறுத்தினாள். இந்த முறை என்னோடு.

"லூர்து, அவளத் திங்கச் சொல்லு."

"லூர்து, அந்தத் துணிய அவள எடுக்கச் சொல்லு."

லூர்துவுக்குப் பதினோரு வயது. அவன் எதையும் திருத்த மாட்டான், அப்படியே கொண்டுவருவான். முதல் வாரம் நான் அழுதேன். இரண்டாம் வாரம் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை மெதுவாக உருவிக்கொண்டு போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். வேறு யாராவது ஒரு பெண்ணாக இருந்தால் சலித்துக்கொண்டு இருந்திருப்பாள். எனக்கோ நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. உட்கார முடியாது, நிற்க முடியாது. கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் என்னையே காயப்படுத்திக்கொண்டேன். எப்படி என்று எழுத மாட்டேன். அந்த மாதிரி விவரங்களைப் பத்திரிகையில் எழுதியதே தவறு என்று இன்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் கஞ்சித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நர்ஸ் உள்ளே வந்ததும், "குடிக்கச் சொல்லுங்க நர்சம்மா" என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, புள்ள உன் கைக்குள்ள படுத்திருக்குது. நீ சொல்லேன். நான் என்னா தந்தி ஆபீசா?"

அம்மா தம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். சொல்லவில்லை.

விசாரித்தவர்களுக்கெல்லாம் அப்பா பதில் வைத்திருந்தார். "வயித்து வலிங்க. ரொம்ப நாளா இருந்துச்சு." ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை அவர் தன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார்கள். தீர்த்தமலையில் ஒவ்வொரு தீர்த்தமாகத் தலையில் ஊற்றினார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை. தர்மபுரிப் பள்ளிவாசலில் ஒரு ஹஜ்ரத் தண்ணீரில் ஓதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். எல்லா இடத்திலும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. எல்லா இடத்திலும் ஒருவர் என் முகத்தைப் பார்த்து என்னிடமே பேசினார். அதனால்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்பது எல்லாரும் கடைசியில் ஒத்துப்போன மருந்து.

நடுவில் இரண்டு வருடம் சேலத்தில் அதே தினசரியின் அலுவலகத்தில் மெய்ப்பு பார்த்தேன். கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கல். அங்கேதான் சரிபார்க்காமல் ஒரு பெயரைக்கூட விடக் கூடாது என்று கற்றேன். செத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சரிபார்ப்பேன். என் தலைக்குள் ஓடிய செய்திகளைச் சரிபார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை.

5

எண்பதுகள் முடியும்போது சேலத்துக்காரரான அருளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவரிடம் என் வீட்டார் சொன்னது: "வயித்து வலி இருந்துச்சுங்க. இப்ப இல்ல."

அதை அவர் முழுதாக நம்பினார். வந்த பிறகு பல வருடம் எனக்குத் தனியாகக் காரமில்லாமல் சமைத்தார். நான் கோபத்தில் தட்டை எறிந்தால், வலி வந்துவிட்டது என்று வெந்நீர் வைத்துக் கொடுப்பார். எனக்கு இன்னும் கோபம் வரும். குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போய், "சின்ன வயசிலிருந்தே இவளுக்குக் கடுமையான வயிற்று வலி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது கோப்பில் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. இரண்டு முறை குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒரு நிபுணருக்கு எழுதிப் போட்டார்கள், ஏழெட்டு மாதம் வரிசையில் இருந்தேன். நிபுணர் என் வயிறு மிக ஆரோக்கியமாக இருக்கிறது என்று வாழ்த்தினார். தர்மபுரி மாவட்டத்துச் செய்தி வாக்கியம் ஒன்று வின்னிபெக் ஆஸ்பத்திரியில் நோய் வரலாறாகப் பதிவாகி, ஆளாளுக்கு அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. வயிற்று வலி இல்லை என்றால் வேறு என்ன என்று கேட்பார்கள், அதற்கு என்னிடம் சொல் இல்லை.

சொல் கிடைத்தது நிஷா வீட்டை விட்டுப் போன பிறகு. கடைக்கும் வேலைக்கும் போதுமான ஆங்கிலம் எனக்கு உண்டு, இதைச் சொல்ல அது போதாது. இங்கே மனநல மருத்துவரைப் பார்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் இணைப்பார்கள். என் முறைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். நான் சொல்வதைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லும்போது கொஞ்சம் நல்லபடியாக்கிச் சொன்னார். நான் "கொன்னுடலாம்னு இருந்துச்சு" என்றால் அவர் "மிகவும் வருத்தமாக இருந்தது" என்பார். அந்த வேலை எனக்குத் தெரியும். "அக்கா, கொறைக்காதீங்க, அப்பிடியே சொல்லுங்க" என்றேன். பிறகு அப்படியே சொன்னார். மருத்துவர் முதல்முறையாகப் பேனாவை எடுத்தார்.

வியாழக்கிழமைகளில் ஒரு வகுப்பு. எட்டுப் பேர், பெரும்பாலும் என் மகள் வயது. நடத்தியவர் பெயர் டெனிஸ். நடந்தது என்ன என்பதை ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்கு நீங்கள் கொடுத்த அர்த்தத்தை இன்னொரு பக்கம் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இலவசமாகச் சொல்லித் தந்த பாடம் அது. ஆனால் வியாழக்கிழமை சிரித்த நான் வெள்ளிக்கிழமை பஸ் ஓட்டுநர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை என்று இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிப் பனியில் நடந்தேன். அப்படித்தான் போயிற்று, ஒரு படி ஏற்றம், அரைப் படி இறக்கம். வகுப்பை நான் இருமுறை விட்டேன். மூன்றாவது முறை முடித்தேன். இப்போது ஒரு அச்சகத்தில் கடை விளம்பரத் தாள்களைச் சரிபார்க்கிறேன், ஓட்டுநர்கள் வணக்கம் சொல்கிறார்கள், சொல்லாமலும் இருக்கிறார்கள்.

6

நிஷா ஐந்து வயதிலேயே எனக்கும் அருளுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் வந்த பிறகு அவளும் அருளும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டதால், என்னிடம் தமிழில் வாங்கி அவரிடம் ஆங்கிலத்தில் கொடுத்தாள், அருளிடமிருந்து ஆங்கிலத்தில் வாங்கித் தமிழில் கொடுத்தாள். வேலை இரட்டிப்பு. பத்து வயதில், "ஐ ஆம் நாட் யுவர் ஃபோன்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு நாங்கள் ஒரு நாய் வளர்த்தோம்.

பத்தொன்பது வயதில் அவள் நண்பர்களோடு ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தாள். நான் பேச்சை நிறுத்தினேன். ஐந்து வாரம். எல்லாவற்றையும் நாயிடம் சொன்னேன். "ப்ரௌனி, சாப்பாடு மேசைமேல இருக்குதுன்னு சொல்லு." "ப்ரௌனி, கதவச் சாத்திட்டுப் போகச் சொல்லு." ஆறாவது வாரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் போனாள். இரண்டு வருடம் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அருளுக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள் ஊருக்குப் போன் செய்தபோது அம்மாவிடம் கேட்டேன். அவள் அப்போது உடம்பு முடியாமல் படுத்துவிட்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரில கூட எங்கிட்ட ஒரு வார்த்த பேசலியே நீ?"

"வாயத் தொறந்தா சாபம் வந்துருமோன்னு பயந்துக்கினு இருந்தன்டி. பெத்தவ வாயில வந்தா பலிச்சுருமில்ல. அதான் வாயக் கட்டிக்கினன்."

அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. போனை வைத்துவிட்டு, மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

7

இனி செவ்வாய்க்கிழமை.

காலையில் மிராவைக் குளிக்க வைக்கத் தண்ணீர் விளாவி, காலை நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டேன். நிஷா வந்தாள். "இன்னைக்கு நான் பண்றேன்மா, டப்லயே" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். "சரி" என்றேன். அதன்பிறகு மதியம்வரை துணிகளை மடித்தேன், பிரித்து மறுபடி மடித்தேன். வாசல் பனியை இரண்டு முறை தள்ளினேன். இரண்டாம் முறை தள்ள அங்கே பனியே இல்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தது.

நிஷா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்று தமிழிலேயே நின்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவகிட்ட சொல்லாத. என்கிட்ட சொல்லு."

அருள் சமாளிக்கப் பார்த்தார். "அட, கொழந்தையக் கொஞ்சறா. எல்லா வூட்லயும் சொல்றதுதான, கண்ணு."

"எல்லா வீட்லயும் சொல்வாங்கப்பா. இந்த வீட்ல அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும்."

அவள் மாடிக்குப் போனாள். அருள் எழுந்தார். "நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"நீங்க போகாதீங்க," என்றேன். "நானே போறன்."

அவள் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. மிரா கட்டிலில் உட்கார்ந்து ஒரு சாக்ஸைத் தின்றுகொண்டிருந்தாள். நிஷா நிமிராமல் துணி அடுக்கினாள். கொஞ்சத்தான் செய்தேன் என்று சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. மீதிப் பாதியைச் சொன்னேன்.

"நிஷா, நான் கோவமாத்தான் இருக்கன்."

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"காலைல புள்ளய மடியிலிருந்து தூக்கிட்டுப் போயிட்ட."

"நான் பண்றேன்னுதானே சொன்னேன்."

"ஆமா. நீ சொன்னது அதான். என் காதுல விழுந்தது வேற."

"என்ன விழுந்துச்சு?"

"உன் கைய நம்பலன்னு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "கொஞ்சம் நம்பலதான்மா."

நாம் பயப்படுவது பெரும்பாலும் நடக்காதது என்றுதான் வகுப்பில் முதலில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது கடைசிப் பாடம். செய்வதற்கு ஒன்றுமில்லை, நிற்க வேண்டும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப கோவம்னு காலைலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"காலைல எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

அவள் பையைப் பாதியில் விட்டுவிட்டு மிராவைத் தூக்கினாள். "எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும். வெளிய போயிட்டு வரேன். அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்."

ஐந்து மணிக்கு அவள் வரவில்லை. நாலரைக்கே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. சன்னலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கோட்டைப் போட்டேன், கழற்றினேன். நடந்தது: பனி பெய்கிறது. நடந்தது: பை மாடியில் இருக்கிறது, குழந்தையின் பால் புட்டி மேசைமேல் இருக்கிறது. அர்த்தம்: போய்விட்டாள், இனி வர மாட்டாள், அவள் எப்போதுமே என்னை வெறுத்தாள். இரண்டையும் தனித்தனியாக வைத்தேன். வைத்தால் உடம்பு அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். கோட்டை மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

"ஒரு போன் போடட்டா?" என்றார் அருள்.

"ரோட்டுக்காகப் போடறதுன்னா போடுங்க. எனக்காகப் போடாதீங்க."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். "ரெண்டுக்குந்தான் போடலாம்னு இருந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலையிலும் வந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கார் வந்தது. பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்களாம். மிரா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிஷா பூட்ஸைக் கழற்றாமலே வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பனி உருகித் தரையில் வழிந்தது. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு நாள்," என்றாள். "வாரத்துல ரெண்டு நாள் உன்கிட்ட விடறேன். மீதி மூணு நாள் டேகேர்."

நான் பேசவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"கோவப்படு. திட்டு. பரவால்ல. எனக்குத் தாங்கும். ஆனா பேசு. அவ வழியாப் பேசுனா அன்னைக்கே நிறுத்திடுவேன்மா."

ஐந்து நாள் என்று முடிவு செய்திருந்தவளுக்கு இரண்டு நாள். முன்பு என்றால் இரண்டு என்பது வேண்டாம் என்பதற்கு மரியாதையான பெயர் என்று எடுத்திருப்பேன். எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். நெஞ்சுக்குள் அதே எரிச்சல் இருந்தது. கால்கள் எழுந்துகொள்ளப் பார்த்தன. மிரா தூக்கத்தில் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்தேன்.

"எந்த ரெண்டு நாள்?" என்று கேட்டேன்.